ஐம்பது ரூபாச் சம்பளத்தில் தொடங்கிய பயணம்

எமது காலத்துப் பிள்ளைகளிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் வைத்தியர், பொறியியலாளர், ஆசிரியை, கணக்காளர் என்றுதான் பதில் வரும். ஹோட்டல் துறை என்று எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் வீட்டில் விட்டிருக்கமாட்டார்கள். இன்று அத்துறையை விரும்பும் தங்கைமார் இருக்கிறார்கள். அவர்களை மனதில் வைத்தே மோகன் சிங் ஒபரோயின் வரலாற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

1898இல் இன்றைய பாகிஸ்தானிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். 1922இல் பிளேக் நோய்க்கு அஞ்சி சிம்லாவுக்கு வந்து, சிசில் ஹோட்டலில் மாதம் 50 ரூபாவுக்கு லிகிதராகச் சேர்ந்தார். அங்கு முகாமையாளராயிருந்த கிளார்க் என்ற ஆங்கிலேயர் பின்னர் சொந்தமாக ஒரு ஹோட்டல் நடத்தியபோது ஒபரோயும் உடன் சென்றார். மனைவி இஷ்ரான் தேவி கணவருடன் தாமே சந்தைக்குப் போய் இறைச்சியும் மரக்கறியும் வாங்கி, சமையலறைச் செலவைக் குறைத்தார். 1934இல் அந்த ஹோட்டலையே வாங்குவதற்கு அவருடைய நகைகளும் அடகுக்குப் போயின. கட்டடங்களில் கணவரின் பெயர் மட்டுமே இருக்கிறது. பெண்கள் பாடசாலையொன்றின் மலரிலாவது இஷ்ரான் தேவியின் பெயரும் இருக்கட்டும்.

வைத்தியர்களான எம்மைக் கவர்ந்தது அடுத்த கட்டமே. கல்கத்தாவின் கிராண்ட் ஹோட்டல் ஏறக்குறைய 500 அறைகளைக் கொண்டது. அங்கு தொற்றுநோயால் விருந்தினர் சிலர் இறந்தனர். வடிகால்கள்மீது சந்தேகம் எழுந்தது. 1937இல் ஹோட்டல் மூடப்பட்டது. எவரும் கிட்டப் போக அஞ்சிய அந்த இடத்தை 1938இல் ஒபரோய் குத்தகைக்கு எடுத்தார். விருந்தினர் பார்ப்பது விரிப்பையும் விளக்கையும். ஹோட்டலைக் காப்பாற்றுவதோ கண்ணுக்குத் தெரியாத குழாயும் வடிகாலும். எமது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களைக் கேட்டால் இதைவிட விரிவாகச் சொல்வார்கள். பெயர் கெட்டிருந்த அந்த ஹோட்டலுக்கு அவர் மீண்டும் ஆட்களை வரவழைத்தார். பின்னர் உலகப் போர் வந்தது. படையினரால் அறைகள் நிரம்பின. இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு, மறுப்பதற்கில்லை.

1943இல் இந்திய ஹோட்டல் குழுமமொன்று அவர் கைக்கு வந்தது. அதில் அவர் லிகிதராயிருந்த சிசிலும் அடக்கம். 1966இல் ஹோட்டல் முகாமைத்துவக் கல்லூரி ஒன்றையும் தொடங்கினார். இந்தியாவில் அறைப் பராமரிப்புக்குப் பெண்களை அமர்த்துவதில் முன்னின்றவரும் அவரே. அன்றைய பெற்றோர் அதற்கு எளிதில் இணங்கியிருப்பார்கள் என்று நாம் நினைக்கவில்லை.

2002இல் 103 வயதில் காலமானார். கொழும்பு காலி வீதியில் நாம் திருமண வரவேற்புகளுக்குப் போய்வரும் சினமன் கிராண்ட், எழுபதுகளில் லங்கா ஒபரோய் என்ற பெயரில் தொடங்கிய ஹோட்டல்தான்.