பாலராமபுரத்துத் தறியும் தும்பா ராக்கெட்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆட்களிடம் ஊரைப் பற்றிக் கேட்டால் 1956-ல்தான் ஆரம்பிப்பார்கள். அந்த நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை நான்கும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அதே தாலுகாவில் அதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு. நூல் கதை.

திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா (1798-1810) காலத்தில், திவான் உம்மிணித்தம்பி நம் பக்கத்துச் சாலியர் நெசவாளர்களை அழைத்துவந்து குடியமர்த்திய ஊர்தான் பாலராமபுரம். குழித்தறி, கஞ்சி போட்ட பாவு, கசவுக் கரை. பாவு ஒரு இழை தளர்ந்தாலும் துணி காட்டிக் கொடுத்துவிடும்.

திருவனந்தபுரத்துக்கு அந்தப்பக்கம் தும்பாவில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே கலாம் அவர்கள் கையில் எடுத்ததும் நூல்தான்! கண்ணாடி இழையைப் பிசினில் தோய்த்து அச்சின்மேல் சுற்றி, இறுகவைத்து ராக்கெட் பாகங்கள் செய்தார்கள். 1980 ஜூலை 18-ல் வெற்றிகரமாகப் பறந்த எஸ்.எல்.வி-3-ன் நான்காம் நிலைக் கூடு இழைப் பிளாஸ்டிக்கால் ஆனது.

உருளையான கூடு என்றால் இயந்திரம் நூற்கண்டு போலச் சுற்றிவிடும். துணியை அடுக்குவதுதான் வம்பு. ஒரு அடுக்கு நேராக, அடுத்தது குறுக்காக, இன்னொன்று 45 பாகைச் சாய்வாக. வளைந்த அச்சில் துணி சுருங்கும், நழுவும். சுருக்கம் விழுந்த இடத்தில் வலு போச்சு. நெசவாளி விரல் உடனே உணர்வதை ரோபோவுக்குக் கேமரா, சென்சார் வைத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

அதனால் போயிங் 787 மாதிரி விமானங்களுக்கு, துணிக்குப் பதிலாகப் பிசின் ஏறிய கார்பன் நாடாக்களை இயந்திரம் ஒவ்வொன்றாக வைத்து அழுத்துகிறது. காற்றாலை இறக்கைகளில் இன்றும் பெரும்பாலும் ஆட்களே கண்ணாடித் துணியை விரிக்கிறார்கள். வங்கிக்காரன் பார்வையில் காரணம் எளிது: விமானத்தின் விலை இயந்திரக் கடனைத் தாங்கும், இறக்கையின் விலை அவ்வளவு தாங்காது.

2024 ஏப்ரலில் விக்ரம் சாராபாய் மையம் கார்பன்-கார்பன் ராக்கெட் நாசிலை அறிவித்தது. எடை 67 சதவீதம் குறைவு. அதைச் சோதித்தது எங்கே தெரியுமா? எல்லைக்கு இந்தப்பக்கம், நம் மகேந்திரகிரியில்.

குழித்தறிக்குக் கடன் கேட்டு வருபவரிடம் 'இதுக்கு எதிர்காலம் உண்டா?' என்று கேட்பது எங்கள் வழக்கம். இழையின் திசை அறிந்த அந்தக் கை போய்விட்டால், இயந்திரத்துக்கு யார் சொல்லித்தருவது? அந்தக் கேள்வி எங்கள் படிவத்தில் இல்லை.