ஒருவர் கையொப்பம், உறவினர் மரபணு

அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள் 2018 மே மாதம் நாடெங்கும் தொடங்கிய 'ஆல் ஆஃப் அஸ்' திட்டம், பத்து லட்சம் பேரின் இரத்த மாதிரிகளையும் மருத்துவப் பதிவுகளையும் வாழ்க்கைமுறை விவரங்களையும் திரட்ட முற்பட்டது. வயதுவந்தோர் தாமே ஒப்புதல் தந்து சேரலாம். திட்டத்தின் அறநெறி நியாயத்தில் பெரும்பகுதியை அந்தத் தனிமனித ஒப்புதலே தாங்குகிறது. மரபணுத் தரவைப் பொறுத்தவரை அது போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தன்னார்வலர்கள் தரும் தரவின் பயனை ஐயுறுவதற்கில்லை. ஓர் அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற கறுப்பினத்தவருள் 2.6 விழுக்காட்டினரிடம் பிசிஎஸ்கே9 மரபணுவைச் செயலிழக்கச் செய்யும் மாற்றங்கள் இருந்தன. அவர்களுக்கு எல்டிஎல் கொழுப்பு 28 விழுக்காடும், இதயத் தமனி நோய்க்கான வாய்ப்பு 88 விழுக்காடும் குறைவு என்று 2006இல் வெளியான முடிவுகள் காட்டின. அம்மரபணு உருவாக்கும் புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் 2015இல் அங்கே விற்பனைக்கு அனுமதி பெற்றன. அம்மாற்றங்கள் வெள்ளையரிடம் மிக அரிது. வெள்ளையரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இத்தடயம் எளிதில் கிட்டியிராது.

ஆயினும் தருபவர் தம்முடையதை மட்டும் தருவதில்லை. ஐஸ்லாந்து 1998இல் இயற்றிய சட்டம், மறுப்புத் தெரிவிக்காத குடிமக்கள் அனைவரின் மருத்துவப் பதிவுகளையும் ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வழிசெய்தது. இறந்துபோன தன் தந்தையின் பதிவைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு மகள் வழக்குத் தொடுத்தாள். தந்தையின் பதிவிலிருந்து மகளின் மரபுவழிப் பண்புகளை ஊகிக்கலாம் என்பதால், எதிர்க்க அவளுக்கு உரிமை உண்டு என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது தன்னார்வத் திட்டமன்று, உண்மைதான். ஆனால் தந்தை மனமுவந்து கையொப்பமிட்டிருந்தாலும் மகளைப் பற்றிய அந்த ஊகம் மாறியிராது.

ஹவாசுபாய் பழங்குடியினரின் அனுபவம் இதனினும் கசப்பானது. 1990களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அவர்கள் இரத்தம் தந்தது, தம்மை வாட்டிய நீரிழிவுக்கு விடை தேடி. அதே மாதிரிகள் மனச்சிதைவு, உறவுக்குள் மணம், ஆதிகாலப் புலம்பெயர்வு ஆகிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டன. கிராண்ட் கேன்யனே தம் பிறப்பிடம் என்று நம்பும் சமூகத்துக்குக் கடைசி ஆய்வு சமயத்தின் மீதான தாக்குதல். ஒப்புதல் படிவத்தின் வாசகம் விரிவானதாகவே இருந்தது. அதனால்தான் அவர்கள் தொடுத்த வழக்கு முக்கியமானது. படிவத்தை எத்தனை திருத்தினாலும், ஊசியே குத்திக்கொள்ளாதவர்களைப் பற்றியும் முடிவுகள் பேசும். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் தர இசைந்து, மாதிரிகளைத் திருப்பியளித்தது.

சட்டத்தின் காப்பும் முழுமையானதன்று. மரபணுப் பாகுபாட்டுக்கு எதிராக அமெரிக்கா 2008இல் இயற்றிய சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் தழுவுகிறது. ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. அண்ணன் தன் ஆய்வு முடிவைத் தங்கையிடம் சொன்னபின், ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தின் குடும்ப நோய் வரலாற்றுக் கேள்விக்கு அவள் முன்புபோல் பதிலளிக்க இயலாது.

இதற்காக உறவினர் அனைவரின் ஒப்புதலையும் கோருவது ஆய்வையே முடக்கிவிடும். ஒருவரின் மறுப்பு மற்றவரின் விருப்பத்தை வெட்டுவதும் நியாயமன்று. அதிகாரம் வேறோரிடத்தில் தேவை: தரவை யார், எந்தக் கேள்விக்குப் பயன்படுத்தலாம் என்று முடிவுசெய்யும் குழுவில். 'ஆல் ஆஃப் அஸ்' பழங்குடி அரசுகளுடன் முறையான கலந்தாய்வைத் தொடங்கியது 2019இல், ஆள்சேர்ப்பு நடந்துகொண்டிருந்தபோது. அந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். கலந்தாய்வோடு, சமூகத்தையே பொருளாகக் கொள்ளும் ஆய்வுகளை மறுக்கும் வாக்கும் அச்சமூகத்துக்கு இருக்க வேண்டும்.