உரிமையும் காத்திருப்பும்

ஓர் அரசு தன் குடிமக்களை எவ்வாறு மதிக்கின்றது என்பதை அறிய விரும்புவோர், அந்நாட்டின் சட்டநூலைப் புரட்டிப் பார்ப்பதோடு நின்றுவிடலாகாது. அச்சட்டம் வாக்களித்த பணத்தைப் பெறுவதற்காக அலுவலகச் சன்னலின் முன்னே மக்கள் நின்ற வரிசையையும் பார்க்க வேண்டும். வேலையிழந்த தொழிலாளிக்கு உதவித்தொகை வழங்கும் முறை பிரிட்டனில் எவ்வாறு தோன்றிற்று, அத்தொகைக்காக அந்நாட்டு மக்கள் எவ்வாறு காத்திருந்தனர் என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளியில் வரலாறு கற்பித்தவன் நான். மக்களுக்கு உதவி செய்வதாகக் கூறும் எந்தச் சட்டத்தைப் பற்றிப் படித்தாலும் மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்க்குமாறு என் மாணவரிடம் சொல்வது வழக்கம். உதவி கேட்டவனுக்கு அது எத்தனை நாளில் கைக்கு வந்து சேரும்? தகுதியை மெய்ப்பிக்கும் பொறுப்பு யாருடையது? இல்லையென்று மறுத்துவிட்டால் முறையிட இடம் உண்டா? இம்மூன்று வினாக்களையும் துணையாகக் கொண்டு இவ்வரலாற்றைப் பார்ப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரிட்டனில் வேலையற்ற ஏழைக்கு இருந்த கடைசிப் புகலிடம் 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டமே. அச்சட்டம் உதவி கேட்டு வந்தவனை 'ஒர்க்ஹவுஸ்' எனப்பட்ட ஏழையர் விடுதிக்குள் அனுப்ப விரும்பிற்று. அங்கே கணவனும் மனைவியும் பிரிக்கப்பட்டனர்; பிள்ளைகள் வேறிடத்தில் வைக்கப்பட்டனர். ஏழையர் உதவி பெற்றவன் வாக்குரிமையை இழந்தான். அந்த விதி 1918 வரையில் நீங்கவில்லை. வேலை இல்லாமற்போவது ஒருவனுடைய சோம்பலின் விளைவு என்று ஆள்வோர் கருதிய காலம் அது. கப்பல் கட்டும் துறையிலும் கட்டடத் தொழிலிலும் பருவந்தோறும் வேலை பெருகியும் சுருங்கியும் வந்தது. நேற்றுவரை உழைத்த கைகள் இன்று சும்மா இருப்பதற்குச் சோம்பல் காரணமன்று. வாணிகத்தின் ஏற்ற இறக்கமே காரணம். இவ்வுண்மை மெல்ல மெல்லத்தான் விளங்கிற்று.

அதனை விளங்கச் செய்தவர்களுள் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். இவர் 1879ஆம் ஆண்டில் வங்காளத்தின் ரங்கப்பூரில் பிறந்தவர். தந்தையார் இந்தியாவில் நீதிபதியாகப் பணியாற்றியவர். வேலை தேடுவோனும் ஆள் தேடுவோனும் சந்திப்பதற்குப் பொது இடம் வேண்டும் என்பது பெவரிட்ஜின் கருத்து. அக்காலத்தில் வர்த்தகத் துறையை நடத்திவந்த வின்ஸ்டன் சர்ச்சில் அதனை ஏற்றார். 1909இல் சட்டம் இயற்றப்பட்டது; 1910 பிப்ரவரி முதல் நாளன்று வேலைவாய்ப்பு நிலையங்கள் திறக்கப்பட்டன.

அடுத்த ஆண்டில் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறிற்று. அதன் இரண்டாம் பகுதி வேலையின்மைக் காப்பீட்டைப் பற்றியது. கட்டடம், கப்பல் கட்டுதல், இயந்திரத் தொழில் முதலிய சில தொழில்களில் ஈடுபட்டிருந்த ஏறத்தாழ இருபத்திரண்டரை இலட்சம் பேர் அதனுள் அடங்கினர். தொழிலாளி வாரந்தோறும் இரண்டரைப் பென்னி கொடுத்தான். முதலாளியும் அதே அளவு கொடுத்தார். அவ்விரண்டும் சேர்ந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை அரசு சேர்த்தது. பணம் கட்டியதற்கு அடையாளமாகத் தொழிலாளியின் புத்தகத்தில் வாரம் ஒரு வில்லை ஒட்டப்பட்டது. வேலை போனால் வாரத்திற்கு ஏழு ஷில்லிங் வீதம், ஓராண்டில் பதினைந்து வாரம் வரையில் பெறலாம். பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன் என்பது 1971 வரை அந்நாட்டில் வழங்கிய கணக்கு.

ஏழு ஷில்லிங் ஒரு குடும்பத்திற்குப் போதாது என்பதை அரசே அறியும். ஆயினும் இங்கே ஒரு பெரிய மாறுதல் நிகழ்ந்ததைக் காண்கிறோம். ஏழையர் விடுதிக்குச் சென்றவன் கையேந்தினான். வில்லை ஒட்டிய புத்தகத்தோடு சென்றவன் தான் கட்டிய பணத்தின் பயனைக் கேட்டான். முறையீட்டுக்கும் வழி இருந்தது. காப்பீட்டு அதிகாரி மறுத்தால் நடுவர் குழுவிடம் செல்லலாம். அக்குழுவில் தலைவர் ஒருவரும், முதலாளிகள் சார்பில் ஒருவரும், தொழிலாளர் சார்பில் ஒருவரும் அமர்ந்தனர். அதற்கும் மேலே 'அம்பயர்' என்ற தனி நடுவர் இருந்தார். நம் மூன்றாம் வினாவிற்கு அச்சட்டம் நல்ல விடையே தந்தது.

முதல் வினாவிற்கு வருவோம். வேலை போன முதல் வாரத்திற்குப் பணம் கிடையாது. காத்திருக்கும் வாரம் என்று அதற்குப் பெயர். ஓரிரு நாள் வேலையின்மைக்கெல்லாம் கணக்கெழுதினால் செலவு மிகும் என்பது ஆட்சியாளர் கூறிய காரணம். இதனை வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அந்த ஒரு வாரம் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?" என்று கேட்டான். பாடநூலில் அதற்கு விடை இல்லை. நகர வாழ்க்கை வரலாற்றில் இருக்கின்றது. மளிகைக் கடையில் கடன் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கென்று வைத்திருந்த நல்ல உடையைத் திங்கட்கிழமை அடகுக்கடைக்குக் கொண்டு சென்றார்கள். அரசு சேமித்த ஒரு வாரச் செலவை மளிகைக்காரரும் அடகுக்காரரும் ஏற்றனர். அதற்குரிய வட்டியை வேலையற்றவனே கட்டினான்.

முதல் உலகப் போருக்குப் பின் 1920ஆம் ஆண்டில் இக்காப்பீடு ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் தொழிலாளருக்கு விரிவாக்கப்பட்டது. விரித்த சில மாதங்களிலேயே வாணிகம் சரிந்தது. 1921இன் நடுவில் வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைக் கடந்தது. கட்டிய வில்லைகளுக்கு மேலாகவும் உதவி கொடுக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு கொடுக்கும்போது அரசு ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. உதவி கேட்பவன், தான் உண்மையாகவே வேலை தேடிவருவதை மெய்ப்பிக்க வேண்டும். 1924இல் இந்நிபந்தனை உதவி பெறும் அனைவருக்கும் உரியதாயிற்று.

நம் இரண்டாம் வினா இங்கே தலைதூக்குகிறது. ஊரில் இருந்த ஒரே சுரங்கம் மூடிவிட்டது. வேலை எங்கும் இல்லை என்பது நிலையத்தின் அதிகாரிக்கே தெரியும். ஆயினும் தொழிலாளி ஒவ்வொரு தொழிற்சாலை வாயிலாக நடந்து சென்று, எந்தெந்த இடத்தில் கேட்டான் என்று நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். நாவன்மை உள்ளவன் பிழைத்தான், கூச்சமுள்ளவன் தோற்றான். இல்லாத வேலையைத் தேடியதற்குச் சான்று கேட்ட இந்நிபந்தனை 1930ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. நீக்கியவர் தொழிலாளர் அமைச்சராயிருந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் அம்மையார். பிரிட்டனின் அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே.

ஆனால் நிம்மதி நெடுநாள் நீடிக்கவில்லை. 1931இல் நிதி நெருக்கடி மூண்டது. ஆண் தொழிலாளியின் வார உதவி பதினேழு ஷில்லிங்கிலிருந்து பதினைந்து ஷில்லிங் மூன்று பென்னியாகக் குறைக்கப்பட்டது. இருபத்தாறு வாரம் உதவி பெற்று முடித்தவர்கள், அவ்வாண்டு நவம்பர் முதல் வருவாய்ச் சோதனைக்கு உள்ளாயினர். 'மீன்ஸ் டெஸ்ட்' என்ற அச்சொல்லை அந்நாட்டு முதியோர் பல ஆண்டுகள் கசப்போடு நினைவுகூர்ந்தனர். வேலையிழந்தவனுடைய வருவாய் மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருடைய வருவாயும் கணக்கிடப்பட்டது. மகன் சம்பாதித்தால் தந்தையின் உதவி குறையும். சேமிப்பு இருந்தால் அதுவும் கணக்கில் ஏறும். வீட்டிற்கு வந்து விசாரிக்க அலுவலர் இருந்தனர். தந்தைக்குக் கிடைப்பது குறையலாகாதென்று வளர்ந்த பிள்ளைகள் வீட்டை விட்டு வேறிடம் சென்று தங்கியதும் உண்டு. குடும்பத்தைக் காக்க வந்த பணம் குடும்பத்தைப் பிரித்தது. ஏழையர் விடுதியை எதிர்த்துப் பிறந்த முறை, அவ்விடுதியின் நிழலிலேயே வந்து நின்றது.

இச்சோதனையை நடத்திய உள்ளூர்க் குழுக்களுள் சில, இரக்கத்தோடு நடந்துகொள்ள முயன்றன. 1932இல் ராதர்ஹாமிலும் டர்ஹாமிலும் குழுக்கள் தாராளமாகக் கொடுக்கின்றன என்று கூறி, அரசு அவற்றின் பொறுப்பைத் தான் நியமித்த ஆணையாளரிடம் ஒப்படைத்தது. பின்னர் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதற்கும் ஒரே வாரியம் அமைந்தது. 1935 ஜனவரியில் அவ்வாரியத்தின் புதிய வீதங்கள் நடைமுறைக்கு வந்தபோது, பல ஊர்களில் பழைய தொகையைக் காட்டிலும் குறைவாகவே கிடைத்தது. தெற்கு வேல்ஸின் சுரங்கப் பள்ளத்தாக்குகளில் ஆயிரமாயிரம் மக்கள் ஊர்வலம் சென்றனர். ஒரு மாதத்திற்குள் அரசு இறங்கிவந்தது. பழைய வீதம், புதிய வீதம் இரண்டில் எது மிகுதியோ அதனைப் பெறலாம் என்று பிப்ரவரியில் அறிவித்தது. வரிசையில் தனித்தனியே நின்றவர்கள் ஒன்றாக நின்றபோது விதி வளைந்தது.

அடுத்த ஆண்டு நிகழ்ந்த ஜாரோ நடைப்பயணம் இவ்வரலாற்றில் புகழ்பெற்றது. வடகிழக்கு இங்கிலாந்தில் கப்பல் கட்டி வாழ்ந்த சிற்றூர் ஜாரோ. கப்பல் தளம் மூடப்பட்டபின் ஊரே வேலையிழந்தது. 1936 அக்டோபர் 5ஆம் நாள் இருநூறு ஆண்கள் இலண்டனை நோக்கிப் புறப்பட்டனர். அவ்வூரின் நாடாளுமன்ற உறுப்பினர் எல்லன் வில்கின்சன் அம்மையாரும் வழியிற் பல இடங்களில் உடன் நடந்தார். முந்நூறு மைல் அளவுள்ள வழியைக் கடந்து அக்டோபர் 31இல் அவர்கள் தலைநகரை அடைந்தனர். பதினோராயிரம் மக்கள் கையொப்பமிட்ட விண்ணப்பம் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்டது. அவர்கள் கேட்டது உதவித்தொகை அன்று, வேலை. அதற்கு அரசு வழி காட்டவில்லை. வழிநடையில் இருந்த நாட்களில் அவர்கள் வேலைக்கு ஆயத்தமாக இருக்கவில்லை என்று கூறி, அவர்களுடைய உதவித்தொகையும் பிடிக்கப்பட்டது. அந்நாட்களில் ஜாரோவில் அவர்களுக்கு என்ன வேலை காத்திருந்தது என்பதை விதி கேட்கவில்லை.

இரண்டாம் உலகப் போர் மக்களின் எண்ணத்தை மாற்றியது. குடும்பம் முழுவதையும் கணக்கிடும் சோதனை 1941இல் ஒழிக்கப்பட்டது. 1942 டிசம்பரில் பெவரிட்ஜ் தம் புகழ்பெற்ற அறிக்கையை வெளியிட்டார். வறுமை, பிணி, அறியாமை, அழுக்கு, வேலையின்மை என்னும் ஐந்து அரக்கர்களை வெல்ல வேண்டும் என்று அதில் எழுதினார். அதன் வழியே பிறந்த காப்பீட்டுத் திட்டம் 1948 ஜூலை 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது.

அத்துடன் காத்திருப்பு முடிந்ததா எனில், இல்லை. ஆறு வகை உதவிகளை ஒன்றாக இணைத்து 2013ஆம் ஆண்டில் பிரிட்டன் தொடங்கிய 'யூனிவர்சல் கிரெடிட்' முறையில், முதற் பணம் வர ஆறு வாரமாயிற்று. மாதச் சம்பளம் போல மாதம் முடிந்தபின் கொடுப்பதே முறை என்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. எதிர்ப்பு வலுத்தபின் 2018 பிப்ரவரியில் அது ஐந்து வாரமாகக் குறைந்தது. இடையில் தவிப்பவர்க்கு முன்பணம் தரப்பட்டது; அது பின்னர் வரும் தொகையிற் பிடித்துக்கொள்ளப்பட்ட கடனே. கணிப்பொறி வந்தபின்னும், 1913இல் அடகுக்கடைக்குச் சென்றவனுடைய கேள்வி அப்படியே நின்றது.

நம் நாட்டிற்கும் இவ்வரலாற்றில் தொடர்பு உண்டு. போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களுக்காக 1945இல் இந்தியாவில் வேலைவாய்ப்பு நிலையங்கள் தொடங்கின. ஆசிரியப் பயிற்சி முடித்த நானும் அத்தகைய நிலையமொன்றில் பதிவு செய்து, மூன்றாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்து, மூப்பு வரிசைப்படி அழைப்புக் கடிதம் வரும் நாளை எதிர்நோக்கியவன். அதனால், தபால்காரரின் மிதிவண்டி மணியைக் கேட்டு வாசலுக்கு வரும் ஒருவனுடைய மனநிலையை நான் நூலிலிருந்து மட்டும் அறிந்தவனல்லேன். நம் அரசியலமைப்பின் 41ஆம் பிரிவு, நாட்டின் பொருள் வலிமைக்கு உட்பட்டு, வேலையின்மையிலும் முதுமையிலும் பிணியிலும் பொது உதவி பெறும் உரிமையைப் பேசுகிறது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், கேட்ட பதினைந்து நாளில் வேலை கொடுக்காவிடில் வேலையின்மைப் படி தரவேண்டும் என்று எழுதிற்று. நாளை எண்ணிட்டுச் சொன்ன சட்டம் அது. எண் இருந்தால்தான் தவறும்போது கேட்க முடியும்.

மாணவ நண்பர்களே! உங்களுள் சிலர் நாளை அலுவலகச் சன்னலின் உள்ளே அமர்வீர்கள். சிலர் வெளியே நிற்பீர்கள். ஒருவரே இரண்டு இடத்திலும் இருக்க நேர்வதும் உண்டு. உள்ளே இருப்பவருக்கு ஒரு வாரம் என்பது கோப்பின் ஓரத்தில் இடும் தேதி. வெளியே நிற்பவருக்கு அது இருபத்தொரு வேளைச் சோறு. எந்தத் திட்டத்தின் விதிகள் உங்கள் கைக்கு வந்தாலும் தொகை எவ்வளவு என்று பார்த்தவுடன் மூடிவிடாதீர்கள். எத்தனை நாளில், யார் மெய்ப்பிக்க, எங்கே முறையிட என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். விதியை எழுதும் பொறுப்பே உங்களிடம் வருமாயின், அம்மூன்றுக்கும் தெளிவான விடையை அதில் எழுதி வையுங்கள்.