கித்தாரின் கழுத்து

கித்தாரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் அதன் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். பலகை பளபளக்கிறதா, ஓட்டையைச் சுற்றிப் பூவேலை இருக்கிறதா என்று. ஆனால் அந்தக் கருவியின் ஆயுள் இருப்பது கழுத்தும் உடம்பும் சேருகிற நான்கு விரற்கடை இடத்தில். அந்த மூட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அண்மையில் எங்கள் வீட்டுக் கித்தார் ஒன்றைச் சரிசெய்ய வேண்டி வந்ததால் அதைத் தேடிப் படித்தேன்.

பழைய காலத்தில் ஆணிதான். ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களிலேயே கழுத்தை உள்ளிருந்து இரும்பு ஆணி அடித்துத்தான் பொருத்தியிருந்தார்கள். பிற்காலத்தில் அந்தக் கழுத்துகளில் பெரும்பாலானவற்றைக் கழற்றி, கட்டையில் குழி வெட்டிப் புதிதாகப் பொருத்தினார்கள். ஆணி பிடிக்கும், ஆனால் கழற்றினால் கட்டையைப் பிளந்துவிடும்.

ஸ்பெயினில் வேறு வழி. அல்மெரியாவைச் சேர்ந்த அந்தோனியோ தெ தோரெஸ் (1817–1892) இன்றைய கிளாசிக்கல் கித்தாருக்கு உருவம் கொடுத்தவர். அந்த நாட்டு முறையில் கழுத்தின் அடிப்பகுதியில் இரண்டு கீறல் வெட்டி, பக்கப் பலகைகளை அதிலேயே செருகிவிடுவார்கள். கழுத்தும் உடம்பும் சேர்ந்தே பிறக்கும். பார்க்க அழகு, பிடிப்பும் உறுதி. ஆனால் கழுத்து முன்னால் சாய்ந்துவிட்டால் தனியே கழற்ற வழியில்லை.

வியன்னாவில் யோகான் கியோர்க் ஷ்டாவுஃபர் என்பவர் இதற்கு நேர் எதிராக யோசித்தார். கழுத்தை ஒட்டவே இல்லை. அடியில் ஒரு திருகு. கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலத் திருகினால் கழுத்தின் சாய்வு மாறும். இவரிடம் தொழில் கற்றவர் சாக்சனியில் 1796-இல் பிறந்த கிறிஸ்டியன் பிரெடெரிக் மார்ட்டின். இவருடைய ஊரான மார்க்நாய்கிர்ஹெனில் ஒரு வழக்கு. மார்ட்டின் குடும்பம் மரச்சாமான் செய்யும் தச்சர் சங்கத்தில் இருந்தது. தச்சர்கள் கித்தார் செய்யக்கூடாது, அது எங்கள் தொழில் என்று வயலின் செய்வோர் சங்கம் 1826-இல் மனு கொடுத்தது. அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்பதால் இப்படிப்பட்ட மனு என்றாலே எனக்கு ஆர்வம் வந்துவிடும்! தீர்ப்பு தச்சர்கள் பக்கமே வந்தது. ஆனாலும் மார்ட்டின் 1833-இல் நியூயார்க்குக்குக் கப்பலேறிவிட்டார். சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் குடியேறினார். அங்கே ஆரம்பத்தில் குருவின் திருகுக் கழுத்தையும் செய்தார். பிற்பாடு அந்தக் கம்பெனியில் நிலைத்தது ஒட்டுகிற மூட்டு.

அந்த மூட்டின் நுனி விரிந்து அடி குறுகியிருக்கும். அதற்கேற்ற குழியில் மேலிருந்து இறக்கினால் முன்னால் இழுத்தாலும் வராது. ஆங்கிலத்தில் இதைப் புறா வால் என்கிறார்கள். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது தகைவிலான் குருவியின் வால், 'க்யூ தாரோந்த்'. ஜெர்மானியருக்கும் தகைவிலான்தான். பறவை எதுவானாலும் வேலை ஒன்றே.

குடல் நரம்பு கட்டிய காலத்தில் மூட்டுக்குச் சிரமம் இல்லை. 1920-களில் உருக்குக் கம்பி வந்தது. ஆறு நைலான் கம்பிகளின் மொத்த இழுப்பு சுமார் 40 கிலோ என்றால், உருக்குக் கம்பிகளில் அது 70 கிலோவையும் தாண்டும். இரவும் பகலும் ஓர் ஆளைத் தொங்கவிட்டதுபோல. ஆண்டுகள் போகப்போக உடம்பு சற்றே மடங்கும், கழுத்து முன்னால் சாயும், கம்பிகள் உயரும், விரல் நோகும். 1950-இல் லியோ ஃபெண்டர் தன் மின்கித்தாரில் கழுத்தைத் திருகாணியால் முடுக்கினார். பின்னாளில் டெய்லர் போன்ற கம்பெனிகள் மரக் கித்தாருக்கும் போல்ட் போட்டன. ஷ்டாவுஃபரின் எண்ணம் சுற்றி வளைத்துத் திரும்பி வந்துவிட்டது.

எங்கள் கித்தார், பிரான்ஸ் ராணுவத்தில் இருந்த என் அண்ணன் அங்கே வாங்கிப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தது. அண்ணன் இப்போது இல்லை. பேத்தி வாசிக்கக் கேட்டாள். எடுத்துப் பார்த்தால் கழுத்தின் அடியில் அஞ்சலட்டை நுழையும் அளவு இடைவெளி. பன்னிரண்டாம் கட்டையில் கம்பி 5 மில்லிமீட்டர் உயரம். ஒரு கடையில் எப்பாக்ஸி விட்டு ஒட்டிவிடலாம் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. இடைவெளி மூடும், சாய்வு அப்படியே நிற்கும். பிறகு யாராலும் கழற்றவும் முடியாது.

தெருக்கோடி ஆசாரியைக் கூப்பிட்டேன். "அவசரம் வேணாங்க ஐயா, வச்சிரம் போட்டதுதான், சூடு காட்டினா விடும்" என்றார். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினோம். பலகைமேல் நீளும் விரல்கட்டையை இஸ்திரிப்பெட்டியால் சூடாக்கி, மெல்லிய கத்தியை நுழைத்து விடுவித்தோம். பதினைந்தாம் கட்டைக் கம்பியைப் பிடுங்கி, அந்தக் கீறலில் இரண்டு சிறு துளை போட்டோம். குசினியில் குக்கரிலிருந்து ரப்பர் குழாய் வழியாக ஆவி விட்டோம். கால் மணியில் கழுத்து கையோடு வந்தது. ஒரு வாரம் நிழலில் காயவிட்டோம்.

பிறகுதான் உண்மையான வேலை. கழுத்தடியின் கீழ்முனையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக, மேலே வர வர ஒன்றுமில்லாமல் ஆகும்படி சீவினார். பொருத்திப் பார்ப்பது, எடுப்பது, மறுபடி சீவுவது. அன்று முழுக்க அதுவே. இறுக்கம் போதாத இடத்தில் மெல்லிய மரச்சீவல் வைத்தார். முந்தின இரவே ஊறவைத்த வச்சிரத்தைக் கொதிக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து இளக்கி, ஒட்டி, ஒருநாள் கிளாம்பில் நிறுத்தினோம். கம்பி கட்டியபின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர். பேத்தி மறுநாளே வாசித்தாள்.

வச்சிரம் ஈரமும் சூடும் பட்டால் இளகும் என்பதை அதன் குறையாகச் சொல்வார்கள். நான் அதைக் குணம் என்பேன். இந்த மூட்டை இன்னும் முப்பது நாற்பது ஆண்டில் இன்னொருவர் திறக்க வேண்டி வரும். அவருக்காக ஓட்டைக்குள் கைவிட்டு, உள்பலகையில் பென்சிலால் தேதியும் "வச்சிரம், எப்பாக்ஸி இல்லை" என்ற குறிப்பும் எழுதிவைத்திருக்கிறேன். கோப்பை மாற்றிக் கொடுக்கும்போது அடுத்து வருபவருக்குக் குறிப்பு வைப்பது பழகிப்போன வழக்கம்தானே.