பெற்றோரைப் பேணும் சட்டக் கடமை (இந்தியா)

தம்மைத் தாமே காத்துக்கொள்ள முடியாத பெற்றோருக்கு வளர்ந்த பிள்ளைகள் பொருளுதவி தரவேண்டும் என்று சட்டம் விதிக்கும் பொறுப்பு. பழைய இந்து சட்டத்தில் இது மகனுக்கே உரியது. பெற்றோர் வழியில் அவனுக்குச் சொத்து வந்ததா என்று சட்டம் பார்க்கவில்லை. ஆங்கிலேயரின் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் ஜீவனாம்சம் தந்தது, பெற்றோரைக் கண்டுகொள்ளவில்லை. 1956இல் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டம் மகளையும் இப்பொறுப்பில் சேர்த்தது. மதபேதமின்றி எல்லாப் பெற்றோருக்கும் வழிதிறந்தது 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவுதான். மாதம் 500 ரூபாய் என்றிருந்த அதன் உச்சவரம்பு 2001இல்தான் நீங்கியது. மணமாகிப் போன மகள் தந்தைக்குப் பொறுப்பல்ல என்ற வாதத்தை 1987இல் உச்சநீதிமன்றம் தள்ளியது.

2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வழக்கை நீதிமன்றத்துக்குப் பதிலாகத் தீர்ப்பாயத்தில் தொடுக்க வழிசெய்தது. தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் போதும். வழக்கறிஞர் வாதாட இடமில்லை என்கிறது சட்டம். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் உதவித்தொகை மாதம் 10,000 ரூபாயைத் தாண்டக்கூடாது. இந்த வரம்பை நீக்க 2019இல் வந்த மசோதா சட்டமாகாமலே காலாவதியானது. சட்டத்தின் உண்மையான பல் 23ஆம் பிரிவில் இருக்கிறது. பராமரிக்கும் நிபந்தனையின் பேரில் வீட்டை எழுதி வாங்கியவர் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்ததை நிறுவவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2022இல் கண்டிப்புக் காட்டியது. சட்டத்தின் நோக்கத்தையொட்டித் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025இல் சொன்னது. சென்னை உயர்நீதிமன்றமோ, செட்டில்மெண்ட் பத்திரத்தில் காணும் 'அன்பு, பாசம்' என்ற வழக்கமான சொற்களையே மறைமுக நிபந்தனையாக எடுத்துக்கொண்டது. ஆக, கடமை பணத்தில் தொடங்கிப் பத்திரத்துக்கு வந்து நிற்கிறது. பிள்ளையில்லாத முதியவர் தம் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் பெறப்போகும் உறவினரிடம் மட்டுமே கேட்கலாம் என்ற விதியும் இதே போக்குடையது. எழுதிக்கொடுக்க ஒன்றுமில்லாத கூலித் தொழிலாளிக்கு 23ஆம் பிரிவால் என்ன பயன்?

பாசத்தைச் சட்டம் போட்டு வாங்க முடியாது என்ற மறுப்பு பழையது. சட்டம் கேட்பது சோறு, மருந்து, இருப்பிடம். மனைவியின் ஜீவனாம்சத்துக்கு யாரும் இந்த மறுப்பை எழுப்புவதில்லை. அரசு தன் கடமையைக் குடும்பத்தின் தலையில் கட்டுகிறது என்ற இரண்டாவது மறுப்புக்குத்தான் வலு அதிகம். இங்கிலாந்து 1601 முதல் வைத்திருந்த இதே கடமையை, நலத்திட்டங்களை விரிவாக்கிய 1948இல் கைவிட்டது. இங்கோ 60 முதல் 79 வயதுவரையிலான ஏழை முதியோருக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். மாநிலங்கள் தத்தம் பங்கைச் சேர்க்கின்றன. இந்நிலையில் பிள்ளைகளின் கடமையை நீக்கச் சொல்வது முதியவரை வெறுங்கையோடு விடும். அதற்காக அரசு தப்பித்துக்கொள்ளவும் கூடாது.

மூன்றாவது மறுப்பு மருமகள்களிடமிருந்து வந்தது. மணமுறிவு வழக்கு நடக்கும்போது, மாமனார், மாமியார் பெயரில் மனுப்போட்டு மருமகள்களை வீட்டைவிட்டு வெளியேற்ற இச்சட்டம் பயன்பட்டது. குடும்ப வன்முறைச் சட்டம் பெண்ணுக்குத் தரும் வசிப்புரிமையை இதைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2020இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.