இராமன் ஒளியும் வெள்ளிக் கம்பிகளும்

திருவானைக்காவில் பிறந்த சி. வி. இராமனும் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஓர் உண்மையைக் கண்டனர். பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் ஒரு சிறு பகுதி நிறம் மாறுகிறது. அம்மாற்றமே அப்பொருளின் கைரேகை. ஆயின் அது மிக மெலிந்த ஒளி. இம்மியளவு நஞ்சைக் காண அது போதாது.

1974-இல் இங்கிலாந்தின் சௌதாம்டனில் பிளீஷ்மனும் துணைவர் இருவரும், சொரசொரப்பாக்கிய வெள்ளியின்மீது பிரிடின் என்னும் பொருள் படிந்தபோது அவ்வொளி வலுத்ததைக் கண்டனர். பரப்பு மிகுந்ததே காரணம் என்றனர். கண்டது மெய், கற்பித்த காரணமே பிழை. பெருக்கமோ இலட்சம் மடங்கு என்பதை 1977-இல் வேறிரு குழுவினர் காட்டினர். வெள்ளியிலுள்ள எலெக்ட்ரான்கள் ஒளியோடு ஒத்தசைந்து மின்புலத்தைச் செறிவிப்பதே முதன்மைக் காரணம் எனப் பின்னர் தெளிவாயிற்று.

சொரசொரப்போ இடத்துக்கிடம் வேறுபடும். அதைக்கொண்டு அளக்க இயலாது. ஆகவே ஒழுங்கு தேடினர். மில்லிமீட்டரின் 20,000-இல் ஒரு பங்கே தடிப்புள்ள வெள்ளிக் கம்பிகளை 2003-இல் கலிபோர்னியாவில் பைடோங் யாங் குழுவினர் நீரில் மிதக்கவிட்டு, ஆற்றில் மரக்கட்டைகளை ஒதுக்குவதுபோல் நெருக்கி, இணையாக அடுக்கித் தகட்டில் ஏந்தினர். வெடிமருந்தோடு தொடர்புடைய டைநைட்ரோ டொலுவீனும் அதில் புலப்பட்டது. கம்பிகளின் இடுக்குகளிலேதான் மின்புலம் செறிகிறது; ஒளியின் மின்னதிர்வு கம்பிகளுக்குக் குறுக்காக இருக்கும்போதே அது மிகுதி. நெடுக்காகத் திருப்பினால், அதே வெள்ளியிலிருந்து அதே பொருளின் ஒளி மெலிந்தே வருகிறது.