ஆலை இருந்தும் பின்தங்கிய வட்டங்கள்: கர்நாடகத்தின் தொழிற் பரவல் குறித்த ஓர் ஆய்வு

1. அளவுகோல்

கர்நாடகத்தின் மொத்த உற்பத்தி மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பெங்களூரு நகர்ப்புற மாவட்டம் ஒன்றிலிருந்தே வருகிறது. இந்த ஏற்றத்தாழ்வை வட்டம் வட்டமாக அளந்து காட்டியது பொருளியலறிஞர் டி. எம். நஞ்சுண்டப்பா தலைமையிலான குழு. 2002இல் அது அளித்த அறிக்கை, அன்றிருந்த 175 வட்டங்களை 35 குறியீடுகளால் எடைபோட்டு, 114 வட்டங்கள் பின்தங்கியவை என்றது. அவற்றுள் 39 மிகவும் பின்தங்கியவை. அந்த 39இல் 21 அன்றைய குல்பர்கா (இன்றைய கலபுரகி) கோட்டத்தில் இருந்தன.

2. பட்டியலுக்குள் ஒரு முரண்

ஆலை வந்தால் வறுமை நீங்கும் என்ற நம்பிக்கையோடு அந்த 21 பெயர்களைப் படிப்பவர் திகைத்துத்தான் போவார். லிங்கசுகூர் அதில் இருக்கிறது. ஹட்டி தங்கச் சுரங்கம் அந்த வட்டத்தில்தான், 1947இலேயே நிறுவனமாகிவிட்டது. சித்தாபூர் இருக்கிறது, வாடி சிமெண்ட் ஆலை அங்கே பல பத்தாண்டுகளாகப் புகைகிறது. சேடம் இருக்கிறது, சேடம் நகரிலும் மல்கேட்டிலும் பெரிய சிமெண்ட் ஆலைகள். சண்டூரும் இருக்கிறது, இரும்புத் தாதுச் சுரங்கங்களும் தோரணகல்லு எஃகு ஆலையும் அந்த வட்டத்தவை.

3. காரணம்

இந்த ஆலைகள் கல்லைத் தேடி வந்தவை. சுண்ணாம்புக்கல்லும் தாதுவும் எங்கே கிடைக்கின்றனவோ அங்கேதான் அவை நின்றாக வேண்டும். பின்தங்கிய பகுதி என்பதற்காக யாரும் அழைத்து வரவில்லை. முதலீடு பெரிது, ஆள் தேவை சிறிது. தேர்ச்சி பெற்றவர்கள் வெளியூரிலிருந்து வந்தார்கள். உள்ளூர்க்காரருக்கு மூட்டை தூக்கும் வேலையும் ஒப்பந்தக் கூலியும் மிஞ்சின. சரக்கு ரயிலேறியது, வரி தலைநகருக்குப் போனது. பள்ளி, மருத்துவமனை, பாசனம் போன்ற குறியீடுகள் அசையவில்லை. யாத்கீர், ராய்ச்சூர்க் குடும்பங்கள் இன்றும் பெங்களூருவின் கட்டட வேலைக்குப் பிள்ளைகுட்டிகளோடு பேருந்து ஏறுகின்றன. ஒரு வட்டத்தின் செல்வத்தை அள்ளிக்கொண்டு அதன் மக்களைக் கூலிக்கு அலையவிடுவதை வளர்ச்சி என்று ஏற்க என்னால் இயலாது.

4. ஓசூர்: எதிர்ச்சான்றும் அதன் வரம்பும்

ஆலை உள்ளூர் மக்களை உயர்த்திய இடமும் உண்டு. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டிலுள்ள ஓசூர், அன்றைய வறண்ட தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 1970களில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்தது. டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் கடிகார நிறுவனம், சுற்றுவட்டாரக் கிராமங்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, கடிகாரம் கோக்கும் நுட்பத்தைக் கற்றுக்கொடுத்தது. அங்கே மூலப்பொருள் விரல்களின் திறமை. அது உள்ளூரிலேயே தங்கியது.

ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கி.மீ. மட்டுமே. கலபுரகியோ 500 கி.மீ.க்கும் அப்பால். பி. சிவராமன் தலைமையில் 1978இல் அமைந்த தேசியக் குழுவும், பின்தங்கிய பகுதிகளுக்கான சலுகைகள் வளர்ந்த நகரங்களை ஒட்டிய சில மாவட்டங்களிலேயே குவிந்ததைச் சுட்டியது. ஆகவே ஓசூரை அப்படியே சேடத்துக்குப் பெயர்த்துவிட முடியாது.

5. கொள்கைக்கு

கர்நாடகத்தின் தொழிற் கொள்கைகள் மாநிலத்தை மண்டலங்களாகப் பிரித்து, பெங்களூருவுக்கு வெளியே கூடுதல் சலுகை தருகின்றன. முதலீட்டை வைத்துக் கணக்கிடும் சலுகை, இயந்திரம் மிகுந்த ஆலைக்கே அதிகம் போய்ச்சேரும். மாநில அரசின் 'பெங்களூருவுக்கு அப்பால்' திட்டம் முதலில் முன்னிறுத்திய மைசூரு, மங்களூரு, ஹுப்பள்ளி ஆகியவை ஏற்கெனவே ஓரளவு வளர்ந்த நகரங்கள்.

கலபுரகியின் துவரைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள பருப்பு மில்கள் சிறியவை. எனினும் வட்டாரத்து விவசாயியின் விளைச்சலை வாங்குகின்றன. சிமெண்ட் ஆலைக்கு இல்லாத வேர் அவற்றுக்கு உண்டு. மானியம் இனி மூன்று கணக்குகளைப் பார்த்துத் தரப்பட வேண்டும்: அந்த வட்டத்தில் பிறந்த எத்தனை பேருக்கு நிரந்தர வேலை, எத்தனை பேருக்குப் பயிற்சி, உள்ளூரில் எவ்வளவு கொள்முதல். மண்டல ஏற்றத்தாழ்வை மறுபடி ஆராய, எம். கோவிந்த ராவ் தலைமையில் 2024இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைகள் எப்படியிருந்தாலும், சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும் மேற்சொன்ன மூன்று கணக்கையும் ஆண்டுதோறும் கன்னடத்தில், அந்தந்தக் கிராமப் பஞ்சாயத்தில் வெளியிட வேண்டும் என்பதை அரசு சட்டமாக்க வேண்டும்.